கல்லு இருக்கு, கயிறு எங்கை?

எங்கள் அம்மா கண்மூடி ஒரு வருஷம் நிறைகிறது. அவருடைய ஆத்தும இளைப்பாற்றிக்கான பூசைக்கு வந்து இந்தச் சிறு நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் எங்கள் கரைச் சனத்துக்கும் மகளாகிய நான் வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. யுத்தகாலம், கடதாசி கிடைக்கவில்லை, சுருக்கமாக எழுதித் தாருங்கள் என்று அச்சுக்கூடத்தில் சொன்னார்கள். சுருக்கித்தான் பார்த்தேன். அம்மா சுருங்குகிற ஆளா? ஊர்த் தலைவரான விதானையார் முதல் ஆயரான மேற்றிராணியார் வரை எத்தனையோ பேர் அவருடைய கதையைச் சுருக்கப் பார்த்தார்கள், ஒருவராலும் முடியவில்லை.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையில் என் வீட்டு அழுக்கும் வருகிறது. எழுதத்தான் வேண்டும் என்றவர் என் கணவரே. எழுதி முடித்து அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு சொல்லையும் வெட்டச் சொல்லவில்லை.

அம்மா பிறந்தது யாழ்ப்பாணப் பட்டினத்துக் கடலோரப் பங்கு ஒன்றில். வாழ்க்கைப்பட்டு வந்தது வடகரையில் உள்ள எங்கள் சிற்றூருக்கு. நான் பால்குடி மறந்த வயதில் அப்பா நெருப்புக் காய்ச்சலில் போய்விட்டார். அண்ணனையும் என்னையும் வளர்க்க அம்மா பனையோலைக் கடகத்தைத் தலையில் தூக்கினார். விடிய வள்ளம் வந்ததும் மீனை எடுத்துக்கொண்டு புத்தூர் வரை நடந்து, தோட்டக்காரர் வீட்டு வாசற் படலைகளில் விற்றுவிட்டு வருவார். கருவாடு சேர்ந்தால் சுன்னாகம் சந்தை. வாய்ச் சமர்த்தில் அவரை வென்றவர்கள் அந்தப் பக்கத்தில் இல்லை. "உந்த மீன் நாறுது" என்று யாராவது சொன்னால், "நாறுறது உங்கடை மூக்கு, பிள்ளை. மீன் இப்பதான் கண் மூடினது" என்பார். கடவுளோடும் அம்மா அப்படித்தான் கதைப்பார். நேரே, சத்தமாக, இடுப்பில் கை வைத்துக்கொண்டு. கோயிலில் பக்கத்தில் இருப்பவர்களுக்கு வெட்கமாக இருக்கும், எனக்கும்தான்.

அண்ணன் எங்கள் கரையில் பேர்போன சுழியோடி. கடலுக்கடியில் உள்ள கற்பாரில் வலை மாட்டிக்கொண்டால் இறங்கி எடுத்து விடுவது அவர் வேலை. இடுப்பில் ஒரு கல்லைக் கட்டுவார்கள், கல் ஆளைக் கீழே கொண்டுபோகும். அதே இடுப்பிலிருந்து ஒரு கயிறு மேலே வள்ளத்துக்கு வரும். கீழே இருந்து இழுப்பு வந்தால் வள்ளத்தில் நிற்பவர் ஆளைத் தூக்கவேண்டும். இந்தக் கயிற்றைக் கண்ட கண்டவர் பிடிக்க முடியாது. சுழியோடியின் மச்சான்தான், அதாவது கூடப்பிறந்தவளைக் கட்டியவன்தான் பிடிக்க வேண்டும். கூடப்பிறந்தவன்கூடக் கூடாது. கயிறு நழுவினால் அழப்போவது தன் பெண்சாதி என்ற பயம் மச்சானுக்குத்தான் இருக்கும் என்பார்கள். என்னைப் பெண் கேட்டு என் கணவராகிய இவர் வந்தபோது அண்ணன் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"கயிறு பிடிப்பியோ?"

"ஓம், பிடிப்பன்" என்றார் இவர். அவ்வளவுதான் எங்கள் கலியாணப் பேச்சு.

எங்கள் கரையில் ஞாயிற்றுக்கிழமைகளில் வள்ளம் இறக்குவதில்லை. கோயில் மூப்பர் வைத்த கட்டுப்பாடு அது. அந்த மூப்பரே எங்கள் சம்மாட்டியாரும். வள்ளமும் வலையும் அவருடையவை. அண்ணனும் என் கணவரும் அவரிடம்தான் தொழில் செய்தார்கள். அவர் இன்று உயிரோடு இல்லை, பெயர் சொல்லி எழுத எனக்கு மனமும் இல்லை.

நான் கலியாணம் முடித்த அடுத்த வருஷம், ஒரு சனிக்கிழமை பின்னேரம், அண்ணனும் சம்மாட்டியாரும் கரையில் நின்று வாய்த்தர்க்கப்பட்டார்கள். தூரத்தில் சத்தம்தான் கேட்டது, காரியம் என்னவென்று ஒருவருக்கும் விளங்கவில்லை. மறுநாள் பூசை முடிந்து நாங்கள் வெளியே வரும்போது அண்ணனைக் கரை மணலில் கிடத்தியிருந்தார்கள். இடுப்பில் கல் கட்டியபடி இருந்தது. கயிறு இல்லை. தனியே வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போனவரைத் தேடிப்போய்த் தண்ணீருக்குள் இருந்து எடுத்து வந்தேன் என்றார் என் கணவர். முதல்நாள் கதைத்த கதையில் பொடியன் மனம் வெறுத்துப்போனான் என்றார் சம்மாட்டியார். விசாரணைக்கு வந்த அதிகாரி கல்லைக் குனிந்து பார்த்தார், மூப்பர் சொன்னதைக் கேட்டார், தற்கொலை என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்.

தன்னுயிரைத் தானே எடுத்தவனுக்குத் துக்கமணி இல்லை, பூசை இல்லை, சேமக்காலையில் ஆறடி நிலமும் இல்லை. திருச்சபைச் சட்டம் அப்படி. சேமக்காலை மதிலுக்கு வெளியே, கடற்பக்கமாக, தாழம் பற்றையோரம் அண்ணனைப் புதைத்தோம். தூக்கிப் போகவும் ஆள் வரவில்லை. வந்த நாலு பேரில் ஒருவர் என் கணவர். இந்த மலரை இப்போது கையில் வைத்திருக்கும் சிலர் அன்றைக்குத் தங்கள் படலையைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தீர்கள். எனக்கு மறக்கவில்லை. அம்மா அழவில்லை. அண்ணனின் இடுப்பைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கல்லு இருக்கு. கயிறு எங்கை?" என்றார்.

மூளை கலங்கிவிட்டது என்று பெண்டுகள் தங்களுக்குள் சொன்னார்கள். கலங்கவில்லை. அந்த ஒரு கேள்வியை, கேட்க வேண்டிய எல்லா இடத்திலும் அம்மா கேட்டார். அப்போதிருந்த வெள்ளைக்காரச் சுவாமியார் நல்ல மனிதர். ஒவ்வொரு நாளும் பூசை முடிந்ததும் அவருடைய அறைவாசலில் அம்மா நிற்பார்.

"சாகப் போகிறவன் கயிறு கட்டமாட்டான் அம்மா" என்பார் சுவாமியார்.

"அதைத்தானே சுவாமி நானும் சொல்லுறன். என்ரை மோன் கயிறு கட்டாமல் ஒருநாளும் கல்லுக் கட்டினதில்லை. அப்ப கயிறு இருந்திருக்கு. அது எங்கை?"

அவர் கண் கலங்கும், சட்டம் கலங்காது. அம்மா பட்டினத்தில் ஒரு பிறக்கிராசியிடம், வழக்குப் பேசுகிறவரிடம், போனார். சாட்சி இல்லாமல் வழக்கில்லை என்று அனுப்பிவிட்டார்கள். மேற்றிராணியாரின் மாளிகைக்குக் கால்நடையாகப் போய், வாசலில் காத்திருந்து திரும்பி, மறுபடி போய், கடைசியில் ஒருநாள் கண்டார். அவர் ஆசீர்வதித்து, ஒரு செபமாலையைக் கொடுத்து, விடாமல் செபியுங்கள் என்றாராம். "செபமாலை என்னட்டை இருக்கு ஆண்டவரே, கயிறுதான் இல்லை" என்று சொல்லிவிட்டு வந்து நின்றார் அம்மா.

ஆனால் அந்தக் கேள்வியின் மறுபாதியை அம்மா ஒருநாளும் கேட்கவில்லை. கயிறு எங்கே என்று கேட்டாரே தவிர, கயிற்றை யார் பிடித்தது என்று வாய் திறக்கவில்லை. மச்சான் இல்லாமல் எந்தச் சுழியோடியும் இறங்கமாட்டான் என்பது அவருக்குத் தெரியாதா? கேட்டால் பதில் நேரே என் வீட்டுக்குள்தான் வரும். அதனால் அந்தப் பாதியை மென்று விழுங்கிக்கொண்டு, மற்றப் பாதியோடு ஊரெல்லாம் அலைந்தார். எனக்கும் உள்ளுக்குள் அந்தப் பயம் இருந்தது. கேட்க எனக்கும் துணிவில்லை. இவர் அந்நாளிலிருந்து சாப்பாட்டில் கைவைத்துவிட்டு எழும்பிப்போகும் மனிதராக மாறியிருந்தார்.

சந்தையால் திரும்பும் போதெல்லாம் அம்மா சம்மாட்டியார் வீட்டுப் படலையில் கடகத்தை இறக்கி வைத்துவிட்டு முழங்காலில் நின்று சத்தமாகச் செபிப்பார். நாயை அவிழ்த்து விட்டார்கள். மீன் கழுவின தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள். நனைந்த சேலையோடு செபித்து முடித்துவிட்டுத்தான் எழும்பினார். மண்ணை அள்ளி எறிந்து சாபம் போடு, குடும்பத்தோடு நாசமாய்ப் போகட்டும் என்று சொந்தக்காரர்கள் ஏத்திவிட்டார்கள்.

"அவன் நாசமாய்ப் போனால் எனக்கு ஆர் வாய் திறக்கிறது?" என்று அம்மா கேட்டார். "எனக்கு அவன் கெட வேண்டாம். அவன் கதைக்க வேணும்."

ஒரு ஞாயிறு சுவாமியார், நீதி கேட்டு நீதிபதியை ஓயாமல் நச்சரித்த கைம்பெண்ணின் உவமையைப் பிரசங்கம் வைத்தார். அம்மாவின் மனம் ஆறட்டும் என்றுதான் வைத்திருப்பார். பூசை முடிந்ததும் அம்மா அவரிடம் போனார். "சுவாமி, அந்தப் பொம்பிளைக்கு எத்தினை வருஷம் எடுத்தது? அதை நீங்கள் சொல்லேல்லையே?" சுவாமியார் தெரியாது என்று ஒத்துக்கொண்டார். "அவவின்ரை பிள்ளையைக் கடல் அரிச்சுக்கொண்டு போகேல்லைப் போலை" என்றார் அம்மா.

அதுதான் அவரை வதைத்த பெரிய வதை. வாடைக்காற்று வரும் மாதங்களில் கடல் ஏறி அந்தக் கரையை அரித்துக்கொண்டிருந்தது. மதிலுக்கு உள்ளே இருந்தவர்களுக்குக் கவலை இல்லை, வெளியே கிடந்தவர் அண்ணன் ஒருவர்தான். அம்மா மீன் கடகத்தில் மணலை அள்ளிச் சுமந்து அண்ணனின் புதைகுழிமேல் கொட்டுவார். காற்று கொண்டுபோகும். மறுபடி கொட்டுவார். ஆத்துமாக்கள் திருநாளன்று சனமெல்லாம் சேமக்காலைக்குள் கல்லறை தோறும் மெழுகுதிரி கொளுத்தி நிற்க, அம்மா மதிலுக்கு இந்தப் பக்கம் மண்டியிட்டு ஒரு திரியைக் கொளுத்துவார். கடற்காற்றில் எந்தத் திரி நின்று எரியும்? ஒரு வருஷம் நெருப்புப் பெட்டி முடியும் வரை கொளுத்திக்கொண்டிருந்தார். பிறகு அணைந்த திரியைக் கையில் வைத்துக்கொண்டு, "உமக்குக் காது செவிடோ? உமக்கும் ஒரு மோன்தானே இருந்தவர்? அவரை வெளியாலை போட உம்மாலை பொறுக்கேலுமோ?" என்று கடலைப் பார்த்துக் கடவுளிடம் கத்தினார். உள்ளே நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் அன்று கடவுளையும் வெறுத்தேன், அந்தச் சனத்தையும் வெறுத்தேன். இதை மறைத்து எழுதி என்ன பயன்?

வீட்டுக்கு வந்ததும் அம்மா அந்தோனியார் சிலையை, எங்கள் வீட்டுச் சுருவத்தை, சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அவர் அல்லவா? "கயிறு வரட்டும், திருப்பிறன். அதுவரைக்கும் நீர் சுவரைப் பாத்துக்கொண்டு நில்லும்" என்றார். அப்படியும் அவரிடம் செபிப்பதை நிறுத்தவில்லை. முதுகைப் பார்த்துச் செபித்தார்.

வருஷங்கள் போயின. வெள்ளைக்காரச் சுவாமியார் மாறிப்போய் நம் நாட்டுச் சுவாமியார் ஒருவர் வந்தார். வெகுநாள் பிள்ளையில்லாதிருந்த எனக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. தொட்டிலாக ஏணை கட்டக் கயிறு தேடினேன். முகட்டு வளையில் ஓலைக்குள் செருகிவைத்த கயிறு ஒன்று கிடந்தது, நல்ல உரமான கயிறு. எடுத்துத் தூசி தட்டி, சேலையை மடித்து ஏணை கட்டினேன். அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்த இவர் ஏணையைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு வெளியே போய்விட்டார். அன்றிலிருந்து அந்த ஏணையை அவர் ஒருநாளும் ஆட்டவில்லை. "பெத்த பிள்ளையை ஆட்டக் கை வலிக்குதோ?" என்று எத்தனை நாள் ஏசியிருப்பேன்!

அம்மா பேத்தியை ஆட்ட வருவார். தாலாட்டுப் பாடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. ஏணைக் கயிற்றைக் கையில் பிடித்து ஆட்டிக்கொண்டே செபம் சொல்லுவார். ஒருநாள் மத்தியானம், இவர் வாசலில் இருந்து கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார், நான் அடுப்படியில். அம்மாவின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. "அந்தோனியாரே, என்ரை மோன்ரை கயிற்றை எடுத்துத் தாரும். கடல் கிட்ட வந்திட்டுது. அந்தோனியாரே, கயிற்றைத் தாரும்."

"மாமி, நிப்பாட்டுங்கோ!" என்றார் இவர். அந்தக் குரல் எனக்கு அறிமுகமில்லாத குரலாக இருந்தது. கரண்டியோடு ஓடி வந்தேன். இவர் வலையைக் கீழே போட்டுவிட்டு நின்றார்.

"கயிறு உங்கடை கையிலை கிடக்கு, மாமி. உதுதான்."

அம்மா கையைப் பார்த்தார். கயிற்றை விடவில்லை, ஆட்டுவதையும் நிறுத்தவில்லை.

"பிள்ளை முழிக்கும்" என்றார். "மெல்லச் சொல்லு."

சொன்னார். "வலை பாரிலை கிழியுது, நாளைக்குச் சனம் பூசையிலை நிக்கேக்கை ரெண்டு பேரும் போய் எடுத்துக்கொண்டு வாங்கோ எண்டு சம்மாட்டியார் கேட்டவர். ஞாயிறு போகமாட்டன் எண்டு மச்சான் நிண்டவர். அதுதான் அந்த வாய்த்தர்க்கம். பிறகு எனக்காகத்தான் வந்தவர், என்னைத் தொழிலாலை நிப்பாட்டிப் போடுவினம் எண்டு. அவர் இறங்கினாப் பிறகு காத்துத் திரும்பி வள்ளம் பாரிலை ஏறப் பாத்தது. கயிற்றை விட்டிட்டு வள்ளம் தள்ளுற கோலைப் பிடிச்சன். கொஞ்ச நேரந்தான் மாமி. திரும்பி வந்து இழுக்கேக்கை பாரம் மட்டுந்தான் வந்தது. சம்மாட்டியார் பூசை முடிய முன்னம் எழும்பிக் கரைக்கு வந்து பாத்தார். 'கல்லுக் கிடக்கட்டும், கயிற்றைக் கழட்டு' எண்டார். கயிற்றை விட்டனி எண்டு தெரிஞ்சால் உனக்குத் தூக்கு எண்டார். கழட்டினன். எறிய மனம் வரேல்லை."

நான் என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. உலக்கையை எடுத்துக்கொண்டு இவரை அடிக்கப் போனேன் என்றும், அம்மா குறுக்கே வந்து நின்றார் என்றும் பக்கத்து வீட்டுப் பெண் பிறகு சொன்னாள். அம்மா குழந்தையைத் தூக்கி என் மடியில் போட்டார். ஏணையை அவிழ்த்துக் கயிற்றை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு, அண்ணன் செத்த நாளில் அழாத அழுகையை அப்போது அழுதார். அழுது முடிந்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எழும்பு தம்பி, சுவாமியிட்டைப் போவம்" என்று இவரைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிவில், கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு இவர் எல்லோருக்கும் முன்னால் நடந்ததைச் சொன்னார். விதானையாரிடமும் போய்ச் சொன்னார். பழைய காரியம் என்று அவர் மேலே கொண்டுபோகவில்லை. கோயிலில் இவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சம்மாட்டியார் தன் இடத்தை விட்டு எழும்பி வெளியே நடந்திருந்தார். சாகும் வரை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. செத்தபோது அவருக்கு மணி அடித்தது, சேமக்காலைக்குள் நல்ல இடமும் கிடைத்தது. அம்மா போய் அந்தப் பெட்டியருகே முழங்காலில் நின்று செபித்துவிட்டு வந்தார். நான் போகவில்லை. இப்போது கேட்டாலும் போகமாட்டேன்.

நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். சில நாளில் அம்மாவே என்னைத் திருப்பி அனுப்பினார். "அவனை வாய் திறக்க வைச்சது கைவிடுறதுக்கில்லை. போ பிள்ளை" என்றார். போனேன். நான் மன்னித்தேனா என்று யாரும் என்னைக் கேட்காதீர்கள். சோறு போட்டேன், அது வரைக்கும் சொல்லுவேன்.

அண்ணனைச் சேமக்காலைக்குள் கொண்டுவரலாம் என்று மேற்றிராணியாரின் உத்தரவு வந்தபோது வாடைக்காலம் பாதி கடந்திருந்தது. சுவாமியாரும் சனமும் மண்வெட்டியோடு போனார்கள். தாழம் பற்றையையே காணவில்லை. இருந்த இடம் என்று நினைத்த இடத்தில் தோண்டத் தோண்டச் சிப்பியும் தண்ணீரும்தான். அம்மா மண்வெட்டியைப் பறித்துத் தானே தோண்டினார். பிறகு கையால் தோண்டினார். நகம் பிய்ந்தது. "அம்மா, போதும்" என்று சுவாமியார் தூக்கினார். இத்தனை வருஷச் செபத்துக்கு மறுமொழி வந்தது, பிள்ளையைத்தான் கடல் கொண்டுபோய்விட்டது.

ஒரு சிறு பெட்டியில் அந்தக் கயிற்றைச் சுருட்டி வைத்து, அண்ணனுக்குச் செய்ய வேண்டிய செபமெல்லாம் செய்து, சேமக்காலைக்குள் புதைத்தோம். அப்போது கோயில் துக்கமணி அடித்தது. விஷயம் தெரியாதவர்கள் வீடுகளை விட்டு ஓடி வந்தார்கள், கடலில் நின்ற வள்ளங்கள் கரைக்குத் திரும்பின. "ஆருக்கு மணி? ஆர் செத்தது?" என்று தெரு, ஒழுங்கை முழுக்க ஒரே கேள்வி. அம்மா சேமக்காலை வாசலில் நின்று வந்தவர் ஒவ்வொருவருக்கும் மறுமொழி சொன்னார். "என்ரை மோனுக்கு. என்ரை மோன் செத்துப்போனான்." அன்றைக்குத்தான் செத்தது போலப் பெண்டுகள் அவரைக் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். வீட்டுக்கு வந்து அம்மா அந்தோனியாரைத் திருப்பி வைத்தார். உன் மன்றாட்டைக் கடவுள் கேட்டுவிட்டார் என்று யாரோ சொன்னதற்கு, "ஓம், கேட்டவர். சுணங்கிக் கேட்டவர்" என்றார். பிறகும் ஒருநாளும் செபம் விடவில்லை.

கடைசிக் காலத்தில் நெஞ்சு வருத்தம் அவரைப் படுக்கையில் போட்டது. அந்த வேளையில் வந்து நோவு தீர்த்த வைத்தியருக்கும், நற்கருணை கொண்டுவந்த சுவாமியாருக்கும், மாறி மாறி வந்து கழுவித் துடைத்த அயலட்டைப் பெண்களுக்கும், மீன் சூப்பு வைத்துக் கொண்டுவந்த கன்னியாஸ்திரிமாருக்கும், புத்தூரிலிருந்து நடந்து வந்து கால்மாட்டில் இருந்து அழுத சைவத் தோட்டக்காரக் குடும்பத்தாருக்கும் எங்கள் கைகூப்பிய நன்றி. செத்தவீட்டுக்கு ஊர் திரண்டு வந்தது. அண்ணனுக்கு வராத கால்களும் அம்மாவுக்கு வந்தன. அவர்களுக்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும், அம்மா இருந்தால் சொல்லச் சொல்லியிருப்பார்.

இனிச் சொல்ல மிச்சம் இருப்பவர் ஒருவர். சாக இரண்டு நாளைக்கு முன் அம்மா இவரைக் கிட்டக் கூப்பிட்டார்.

"என்னைக் குழியிலை இறக்கேக்கை தலைமாட்டுக் கயிறு நீ பிடி."

"நானோ மாமி?" என்றார் இவர்.

"வேறை ஆர்? என்ரை மோனுக்குக் கயிறு பிடிச்சது ஆர்?"

அத்தனை வருஷமாக விழுங்கி வைத்திருந்த அந்தப் பாதிக் கேள்வியை அம்மா கேட்டது அன்றுதான். கேட்டுவிட்டு இவருடைய கையைப் பிடித்துக்கொண்டே கண் அயர்ந்தார்.

கயிற்றுப் பெட்டி புதைத்த இடத்துக்குப் பக்கத்தில் அம்மாவுக்குக் குழி வெட்டினோம். மற்றக் கயிறுகளைப் பிடிக்கச் சொந்தக்காரர் நின்றார்கள், தலைமாட்டில் இவர் நின்றார். பெட்டி ஆடாமல் அசையாமல் மெல்ல இறங்கித் தரையில் தட்டுப்பட்டது. மற்றவர்கள் கயிற்றை விட்டார்கள். இவர் விடவில்லை. சுவாமியார் தோளில் தொட்டார், அப்போதும் விடவில்லை. சனம் பார்த்துக்கொண்டு நிற்கிறது. நான் கிட்டப் போனேன்.

"அம்மா இறங்கிட்டா. இனி விடுங்கோ" என்றேன்.

"கொஞ்சம் பொறு" என்றார் இவர். "கீழை இருந்து இழுத்தால் தூக்க ஆள் வேணும்."

நானும் அவர் பக்கத்தில் நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.